விசுவாசிகளுக்கு ஒரு மிஷனரி

கிறிஸ்துவை அறியாதவர்களிடம் கிறிஸ்துவைச் சொல்லப் போகிறவனைப் பற்றி நம்மிடையே பேசித் தீர்த்தாகிவிட்டது. காலனி ஆதிக்கம், பஞ்சகாலக் கஞ்சித்தொட்டி, பள்ளிக்கூடம், ஜாதிக் கொடுமையிலிருந்து தப்பும் வழி என்று இரு தரப்பு வாதங்களும் எல்லோருக்கும் மனப்பாடம். நான் எடுத்துக்கொள்ள விரும்புவது இதைவிடச் சிக்கலானதாக எனக்குப் படுகிற ஒன்று. ஏற்கனவே கிறிஸ்துவை வணங்கிக்கொண்டிருப்பவனிடம் கிறிஸ்துவைச் சொல்லப் போகிறவன் எந்தத் தார்மிக பலத்தில் போகிறான்? அவன் கொண்டுபோவது புதிய தெய்வம் அல்ல. புதிய வேதமும் அல்ல. 'உன்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை' என்ற செய்தியைத்தான் அவன் கொண்டுபோகிறான்.

திருநெல்வேலியில் இது ஏட்டுப் பிரச்னை இல்லை. பாளையங்கோட்டையில் சர்ச் மிஷன்காரர்கள் 1878-இல் ஆரம்பித்த கல்லூரியும் யேசு சபையினர் 1923-இல் ஆரம்பித்த கல்லூரியும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் மில்டனும் ஹாப்கின்ஸும் போதிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் பஸ்ஸில், ஆஸ்பத்திரி வாசலில், 'இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?' என்று கேட்டுத் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறவர், கழுத்தில் ஜெபமாலை போட்டிருக்கும் கிழவியையும் விடுவதில்லை. சொல்லப்போனால் அவரிடம்தான் கொஞ்சம் கூடுதல் அக்கறை காட்டுகிறார். எங்கள் வங்கியில் பென்ஷன் வாங்க வரிசையில் நின்ற கடற்கரைக்கார அம்மா ஒருவர், இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலை நான் கவுண்டருக்கு உள்ளிருந்து கேட்டேன். "எங்க பாட்டிக்குப் பாட்டி காலத்துலயே அது ஆயாச்சுல்லா தம்பி." கேட்டவர் சிரித்தார். பாட்டி பெற்ற ரட்சிப்பு பேத்திக்குச் செல்லாது என்பது அவருடைய சித்தாந்தம். அவருடைய தரப்பில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பெயர்க் கிறிஸ்தவர்கள். எதிர்த் தரப்பிலும் ஒரு சொல் இருக்கிறது: ஆடு திருடுதல். இந்த இரு சொற்களும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் ஒரே பிரக்ஞையிலிருந்து பிறந்தவை என்றே நான் நினைக்கிறேன். ஒன்று மனிதனைக் காலி வீடாகப் பார்க்கிறது; மற்றது அவனைப் பட்டா போட்ட வீடாகப் பார்க்கிறது. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று இரண்டுமே கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை.

முத்துக்குளித்துறையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். 1535-லிருந்து 37-க்குள் இந்தக் கடற்கரைப் பரதவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துச் சலாபத்தில் இருந்த போட்டியும், போர்த்துக்கீசியர் தரக்கூடிய பாதுகாப்பும்தான் காரணம் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, உருப்போட்டு, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஆக, எந்தச் சித்தாந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இவர்கள் பெயர்க் கிறிஸ்தவர்களே. லாபத்துக்காகச் சேர்ந்தவர்கள், பொருள் அறியாமல் ஓதக் கற்றவர்கள்.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார்கள் கடற்கரையை விட்டு உள்நாட்டு ஊர்களுக்குப் பின்வாங்கினார்கள். டச்சுப் படையோடு பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற சீர்திருத்த சபைப் போதகர் வந்து சேர்ந்தார். படித்தவர், கவனித்துப் பார்க்கத் தெரிந்தவர். மலபார், சோழமண்டலக் கடற்கரைகளையும் இலங்கையையும் பற்றி 1672-இல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். பரதவர்களை ரோமாபுரி மூடநம்பிக்கையிலிருந்து சுத்தமான சுவிசேஷத்துக்கு அழைத்து வருவது சுலபம் என்று அவர் எதிர்பார்த்திருக்க எல்லா நியாயமும் உண்டு. முத்துச் சலாபம் இப்போது டச்சுக் கம்பெனி கையில் இருந்தது, கோட்டையும் பீரங்கியும் சுங்கமும் அதே கையில்தான். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் லாபம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசைக்குப் போனவர்கள், லாபம் திசை மாறினால் தாங்களும் மாறவேண்டும் அல்லவா?

அவர்கள் மாறவில்லை. பால்டேயஸே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். கடலில் மூழ்கி முத்தெடுக்க ஆள் வேண்டியிருந்த கம்பெனி, ஒரு கட்டத்துக்கு மேல் அவர்களை வற்புறுத்தத் துணியவில்லை. சாதித் தலைவனோடு பேசிக் காரியத்தை நடத்திக்கொண்டது. டச்சு அதிகாரம் நடந்துகொண்டிருந்த போதே, 1713-இல், தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்கு இப்போதிருக்கும் கோயில் எழுந்தது.

என் கேள்வி இதுதான். இந்த நூற்றிருபது வருஷத்தில் அந்த ஜனங்களுக்குள் என்ன நடந்தது? ஆதாயத்துக்காக ஏற்றுக்கொண்ட ஒன்று எந்த நாளில், எந்தப் பிரார்த்தனையில், எந்தப் பிரசவத்திலோ சாவிலோ, ஆதாயம் போனபின்னும் விடமுடியாத ஒன்றாக மாறியது? யாராலும் சொல்லமுடியாது. சேவியராலும் முடிந்திருக்காது. பொருள் தெரியாமல் ஓதப்பட்ட சொல்லுக்கு உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகக் குடிவந்திருக்கிறது. பொருள் என்பது அகராதியில் மட்டும் இருப்பதல்ல என்பதைக் கவிதை எழுதுகிறவர்களிடம் நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மறுபக்கம் மன்னார்க் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதே 1658, அதே பால்டேயஸ், யாழ்ப்பாணம். கத்தோலிக்க வழிபாடு அங்கே தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு ஊர்க் கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம். ஞானஸ்நானமும் கல்யாணமும் பள்ளித் தோம்பில் பதிவானால்தான் வாரிசுரிமைக்கும் உத்தியோகத்துக்கும் வழி. வினாவிடைப் புத்தகம் பாடமாக்கப்பட்டது, போதகர் வந்து பரீட்சை வைத்தார். தோம்புக் கணக்குப்படி ஆயிரக்கணக்கில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். 1796-இல் ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் விலகியதும் அந்தத் திரள் கரைந்துபோயிற்று. பெரும்பாலோர் வீட்டுக்குள் எப்போதும் இருந்த சைவத்துக்கே போனார்கள். இதற்கு நேர் எதிராக, 1687-இல் கோவாவிலிருந்து மாறுவேஷத்தில் வந்து ஒளிந்து திரிந்த ஜோசப் வாஸ் பாதிரியார் யார் யாரைத் தேடிப் போனாரோ அந்தக் கத்தோலிக்கர்கள் மிஞ்சினார்கள். சித்தாந்தம் தெரிந்தவர்கள் காணாமல் போனார்கள், உருப்போட்டவர்கள் நின்றார்கள். இதிலிருந்து உருப்போடுவதே மேல் என்று விதி செய்வது அசட்டுத்தனம். எது காலி, எது நிறைந்தது என்று வெளியிலிருந்து அறியமுடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது.

என் உத்தியோகத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு இணை உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வரவோ செலவோ இல்லாத கணக்கை 'இன்ஆபரேடிவ்' என்று தனியே ஒதுக்குகிறோம். பத்து வருஷம் கேட்பாரில்லாமல் போனால் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போய்விடும். அப்போதும்கூடக் கணக்குக்காரர் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டால் கொடுத்தாக வேண்டும். கணக்கில் நடமாட்டம் இல்லை என்று எழுத குமாஸ்தாவுக்கு அதிகாரம் உண்டு. பணம் இல்லை என்று எழுத அதிகாரம் கிடையாது. மிஷனரி செய்வது இந்த இரண்டாவது காரியத்தை.

ஐரோப்பாவில் இது மிக அண்மையில் நடந்தது. 1989-க்குப் பின் போலந்திலும் லித்துவேனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்த கையோடு, முக்கியமாக அமெரிக்காவிலிருந்து, சுவிசேஷக் குழுக்கள் இறங்கின. துண்டுப் பிரசுரம், கூடாரக் கூட்டம், அதோடு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் முகாம். நாற்பது வருஷ நாஸ்திக ஆட்சி அந்த ஜனங்களின் உள்ளத்தை வழித்தெடுத்து வெறுமையாக்கி விட்டது என்பது அவர்களுடைய அனுமானம். போலந்தில் நோவா ஹுட்டா என்று ஒரு இரும்பாலை நகரம் உண்டு. கோயிலே இல்லாத சோஷலிஸ நகரமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. 1960-இல் அங்கே நட்டிருந்த ஒரு சிலுவையை அதிகாரிகள் பிடுங்கவந்தபோது தொழிலாளர்களும் பெண்களும் போலீஸோடு தெருவில் மோதினார்கள். 1977-இல்தான் அவர்களுக்குக் கோயில் கிடைத்தது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்தச் சிலுவைக்காக அடிவாங்கிய ஒருத்தியின் வீட்டுக் கதவைத் தட்டி, 'நீங்கள் இயேசுவை அறிவீர்களா?' என்று ஒருவன் கேட்டால் அவனுடைய அறியாமையை என்ன சொல்வது? கத்தோலிக்கர்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் அதே ரோமாபுரி 2002-இல் ருஷ்யாவில் நான்கு மறைமாவட்டங்களை நிறுவியபோது, ஆர்த்தடாக்ஸ் சபை அதே கோபத்தை அதே வார்த்தைகளில் ரோமாபுரியின் மேலேயே திருப்பியது. ஆட்டுக்குச் சொந்தம் கொண்டாடாத மேய்ப்பன் யாருமில்லை போலிருக்கிறது.

மிஷன்காரர்களுக்கே இந்த உறுத்தல் இருந்ததுண்டு. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாடு, கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் மக்களிடையே நடக்கும் புரொட்டஸ்டண்ட் ஊழியத்தைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவைத்தது. ஆங்கிலிக்கன்களில் கத்தோலிக்க மனச்சாய்வு உள்ளவர்கள் கலந்துகொள்ள அதுவே நிபந்தனை. நாசரேத்தையும் இடையன்குடியையும் நடத்திய எஸ்.பி.ஜி. சங்கம் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவில் வேலை செய்தவர்கள் மனம் புழுங்கி 1916-இல் பனாமாவில் தனியே கூடினார்கள். இதில் நமக்கு அக்கறை தரும் விஷயம் வேறு. அதே எடின்பரோ மேடையில் வெள்ளாளன்விளைக்காரரான வி. எஸ். அசரியா பேசினார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். 1912-இல் தோர்னக்கல்லின் பிஷப் ஆனார். வெள்ளைக்கார மிஷனரிகள் எங்களுக்கு எல்லாம் தருகிறார்கள், தியாகம்கூடச் செய்கிறார்கள், நட்பை மட்டும் தருவதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். 'உன்னிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது' என்ற ஒரே உறவோடு வருகிறவனால் சிநேகிதனாக முடியாது. அசரியா கிறிஸ்தவர், தன்னைப் போன்ற கிறிஸ்தவர்களிடம்தான் பேசினார். விசுவாசியாகிப் பல தலைமுறை ஆனபின்னும் தங்களைக் காலிப் பாத்திரமாகவே பார்க்கிறார்கள் என்ற வலி அதில் இருந்தது.

இவ்வளவு சொன்னபின் நான் ஆட்டு மந்தைக்காரர்கள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். தரங்கம்பாடி லூத்தரன்களை எதிர்த்து வீரமாமுனிவர் எழுதிய பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு போன்றவை ஒரு உடைமைக்காரரின் கோபம். தேம்பாவணி செய்த கை இதையும் செய்தது என்பது வேறு விஷயம். கோபம் தமிழ் உரைநடைக்கு நல்லதே செய்திருக்கிறது. ஆனால் மந்தையை விட்டுப் போகிறவனுக்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்ற சந்தேகம் உடைமைக்காரருக்கு வருவதில்லை.

வடக்கன்குளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கால்கள். வேளாளர்களுக்கு ஒன்று, நாடார்களுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பீடம். 1910-இல் குருமார்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். கோயிலுக்குள்ளேயே ஜாதி பிரித்து உட்காரவைக்கப்பட்ட ஒருவனிடம், 'உனக்கு ஏற்கனவே ஒரு சபை இருக்கிறது, வேறு எவனும் உன்னிடம் பேசக்கூடாது' என்று சொல்வதும் கொடுமையே. புரொட்டஸ்டண்டுகளிடமும் இதற்கு நிவாரணம் இருந்ததாகச் சொல்லமுடியாது. 1849-இல் கால்டுவெல் நாடார்களைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் கிளப்பிய மனக்கசப்பு நீண்டகாலம் ஆறவில்லை. சட்டாம்பிள்ளை என்று பெயர்பெற்ற அருமைநாயகம் 1857-இல் மிஷனை உதறிவிட்டு, வெள்ளைக்காரச் சாயல் அற்ற, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட தனிச் சபையை நாசரேத் பக்கத்தில் நிறுவினார். அவரை யாரும் திருடவில்லை. அவர் தாமாக நடந்து போனார். ஹாப்கின்ஸ் 1866-இல் தன் பெற்றோரின் ஆங்கிலிக்கன் வீட்டிலிருந்து ரோமாபுரிக்கு நடந்து போனார். அதை ஆடு திருட்டு என்று வர்ணிக்கிற இலக்கிய சரித்திரத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அந்த நடை இல்லாவிட்டால் அந்தக் கவிதைகள் இல்லை. ஒரே கிறிஸ்துவுக்குள் ஒரு அறையிலிருந்து மற்றொரு அறைக்குப் போவதும் ஒரு மனிதனின் வாழ்க்கையில் மிகப் பெரிய சம்பவமாக இருக்கமுடியும்.

எனவே கதவு திறந்திருக்க வேண்டும். பேசுகிறவனைத் தடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். தூத்துக்குடியில் பால்டேயஸ் விக்கிரக பவனி வேதத்துக்கு விரோதம் என்று சொன்னால் அது அவருடைய உரிமை. அதை நிரூபிக்க அவர் வாதாடலாம், மற்றவர்கள் மறுக்கலாம். பவனியில் நடக்கிறவளுக்குள் ஒன்றும் இல்லை என்று சொல்லும்போதுதான் அவர் தனக்குத் தெரியமுடியாத ஒன்றைத் தெரிந்ததாகப் பாவனை செய்கிறார். வாதம் விஷயத்தைப் பற்றியதாக இருந்து, ஆளின் உள்ளத்தைப் பற்றியதாக வழுக்கிவிடுகிற அந்த ஒரு நொடியைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன். அது மிகச் சின்ன வழுக்கல். செய்கிறவனுக்கே தெரியாது.

கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு ஆளைப் பேரேட்டில் ஏற்றாமல் போகிற மிஷனரி உண்டா? வேண்டுமென்று அப்படிப் போனவர் குறைவு. சரித்திரம் அவர்களை அப்படிப் போகவைத்தது உண்டு. ஸ்லோவேனிய மொழியில் முதல் அச்சுப் புத்தகம் 1550-இல் வந்தது. செய்தவர் பிரிமோஷ் த்ருபார் என்ற புரொட்டஸ்டண்ட். 1584-இல் முழு பைபிளையும் யூரி தல்மாத்தின் கொண்டுவந்தார். பின்னால் கத்தோலிக்கர்கள் ஜெயித்தார்கள், புரொட்டஸ்டண்ட் புத்தகங்களை எரித்தார்கள். தல்மாத்தினின் பைபிளை மட்டும் தங்கள் குருமார் உபயோகிக்க அனுமதி வாங்கிக்கொண்டார்கள். யுகோஸ்லாவியா உடைந்து 1991-இல் தனி நாடான அந்தப் பெரும்பான்மைக் கத்தோலிக்க தேசம், 1992 முதல் அக்டோபர் 31-ஐ, அதாவது லூத்தரின் சீர்திருத்த தினத்தை, அரசு விடுமுறையாகக் கொண்டாடுகிறது. கொடையை வைத்துக்கொண்டார்கள், பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. நம்மிடம் இது தலைகீழாக ஆரம்பித்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான தம்பிரான் வணக்கம், 1578, ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற யேசு சபைக்காரர் இதே பரதவர்களுக்காகச் செய்தது. பைபிளைத் தமிழில் தந்தது தரங்கம்பாடிப் புரொட்டஸ்டண்டுகள். 1995-இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் வந்தது. 'வேதத்தை உன் பாஷையில் நீயே படி' என்று லூத்தரன்கள் சொன்னதைக் கத்தோலிக்கர்கள் கத்தோலிக்கர்களாக இருந்துகொண்டே எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு தாமதமானாலும் அது நடந்தது.

இவ்வளவையும் இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. 1959-இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நாம் செய்துவருவதும் விசுவாசிகளிடையே மிஷன்தான். படிக்காதவனிடம் நாம் போவதில்லை. வாரப் பத்திரிகையும் தொடர்கதையும் படிக்கிறவனிடம் போய், 'நீ படிக்கிறாய், ஆனால் வாசகன் அல்ல' என்கிறோம். பெயர் வாசகர்கள். உருப்போடுகிறார்கள், பொருள் அறியமாட்டார்கள், பவனி போகிறார்கள். நம் விமர்சன மொழி பால்டேயஸின் மொழியே. பொன்னியின் செல்வனை விட மோகமுள் பெரிய சிருஷ்டி என்ற மதிப்பீட்டிலிருந்து நான் ஒரு அங்குலம்கூட நகரமாட்டேன். அது புத்தகத்தைப் பற்றிய தீர்ப்பு. அதற்குக் காரணங்கள் காட்டமுடியும், மறுக்கமுடியும். பொன்னியின் செல்வனைப் பதினோராவது தடவை படிக்கிறவருக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு நம் பத்திரிகைகள் தந்திருக்கும் பதில், 'ஒன்றும் நடக்கவில்லை'. யாரைக் கேட்டு எழுதினோம்?

பதினோராவது தடவை என்று நான் கணக்காகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் கிளையில் என்னைவிட சீனியரான ஒரு அம்மாள். சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் புத்தகத்தை நிறுத்திவைத்துப் படிப்பவர். அவருக்கு மௌனி கதைகளைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து என் மேஜைக்கு வந்து வைத்தார். "ரெண்டு கதைய ரெண்டு தடவ படிச்சேன் சார். ஒண்ணு புரியல, ஆனா விட முடியல. மத்தது எல்லாம் எனக்கு ஆகாது, சொல்லிட்டேன்." பிறகு, போகிற போக்கில், "அன்னைக்கு நான் தந்த மூணாம் பாகத்த முடிச்சாச்சா? பைண்டிங் விட்டுப் போச்சு, பாத்துப் புரட்டுங்க" என்றார். இன்னும் நூறு பக்கம் இருக்கிறது. வந்தியத்தேவனைச் சீண்டி நான் ஏதாவது சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. மௌனியில் அவர் இரண்டு தடவை படித்த கதைகள் எவை என்று கேட்டிருக்கிறேன். மார்ச் மாதக் கணக்கு முடியட்டும், சொல்கிறேன் என்கிறார்.